பேக்கெட்டைத் தேடி ஏழு நாள்

முதல் நாள், செவ்வாய், டெல்லி

பூட்டிய கேட்டைப் பார்ப்பதற்காக 2,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்திருக்கிறோம். பாலம் விமானப்படைத் தளத்தில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குத் திங்களும் செவ்வாயும் விடுமுறை. டிக்கெட் போட்டவன் நான். கிழமையைப் பார்க்காமல் போட்டவனும் நானே.

ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கேட்டுக்கு எதிர்ப்புறம் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டார். பக்கத்து விமான நிலையத்தில் இறங்குவதற்காகப் பயணிகள் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சக்கரங்களை நீட்டிக்கொண்டு போயின. அரை மணி நேரம் அதைப் பார்த்தோம். பிறகு விடுதிக்குத் திரும்பி, நான் குற்ற உணர்ச்சியோடும் அவர் நிம்மதியாகவும் தூங்கினோம்.

இந்தப் பயணம் ஏன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பா 1968இல் விமானப்படையில் சேர்ந்தவர். தாம்பரத்தில் பயிற்சி, பிறகு என்ஜின் ஃபிட்டர். பதினைந்து வருடப் பணியில் பெரும்பகுதி ஆக்ராவில், பேக்கெட் விமானத்தோடு கழிந்தது. ஃபேர்சைல்ட் சி-119 என்ற சரக்கு விமானம் அது. எங்கள் வீட்டில் 'பேக்கெட்' என்றால் பிஸ்கட்டும் இல்லை, பாலும் இல்லை. 1983இல் வெளியே வந்தபிறகு அவர் ஒரு பேக்கெட்டைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. பாலம் தளத்தில் ஒன்று நிற்கிறது என்று நான் சொன்னபோது, "நிற்குமா? எண்ணெய் ஒழுகாமல் நின்றால் அது பேக்கெட்டே இல்லை" என்றார்.

இரண்டாம் நாள், புதன், பாலம்

இன்று எழுத நிறைய இருக்கிறது.

கேட் திறக்கும் முன்பே போய்விட்டோம். நுழைவுக் கட்டணம் கிடையாது. அடையாள அட்டை காட்டும் இடத்தில் ஒரு சின்ன வேடிக்கை. அப்பாவின் கையில் ஆதாரும் இருந்தது, முன்னாள் படைவீரர் அட்டையும் இருந்தது. இரண்டையும் ஒரு கணம் பார்த்துவிட்டு, இரண்டாவதைச் சட்டைப்பைக்குள் தள்ளி, ஆதாரை நீட்டினார். ஏன் என்று அப்போது கேட்கவில்லை.

இந்த அருங்காட்சியகம் 1967இல் தொடங்கப்பட்டது. நகரத்து நடுவில் கட்டடம் எழுப்பி விமானங்களைக் கொண்டுவந்து வைக்கவில்லை. தளத்தின் ஒரு பகுதியையே நமக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அதனால் ஒரு வசதி உண்டு. உள்ளே நிற்பவை எல்லாம் ஓய்வுபெற்றவை என்றாலும், தலைக்கு மேலே ஓசை ஓய்வதில்லை. தூணும் கண்ணாடியுமாக ஒரு மாளிகைக்குள் இவற்றைப் பார்த்திருந்தால் எனக்கு இந்த உணர்வு வந்திருக்காது.

உள்ளே முதலில் என்னை நிறுத்தியது வெஸ்ட்லாண்ட் வாபிட்டி. துணி போர்த்திய இரட்டை இறக்கை. 1933 ஏப்ரல் 1ஆம் தேதி, கராச்சியின் ட்ரிக் ரோட்டில், இப்படிப்பட்ட நான்கு விமானங்களோடுதான் இந்திய விமானப்படையின் முதல் பிரிவு தொடங்கியது. அன்று அதில் விமானிகளாக இருந்த ஐந்து இந்தியர்களில் ஒருவர் சுப்ரதோ முகர்ஜி. 1954இல் விமானப்படைத் தலைவரான முதல் இந்தியர் அவர். உலகத்தில் இன்று வாபிட்டியைப் பார்ப்பது மிக அரிது. பள்ளிப் பிள்ளைகள் அதைத் தாண்டி ஸ்பிட்ஃபயரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஸ்பிட்ஃபயருக்கு உலகமெங்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். பாவம், வாபிட்டிக்கு நானும் அப்பாவும்தான்.

லைசாண்டர், கான்பெரா, நாட் என்று மூன்று விமானங்கள். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றுதான் தோன்றும். லைசாண்டர் மெதுவாகப் பறந்து தரைப்படைக்கு உதவியது. கான்பெரா குண்டு வீசும் ஜெட். நாட் ஒரு குட்டிச் சண்டை விமானம். மூன்றையும் வடிவமைத்தவர் டெடி பெட்டர் என்ற ஒரே ஆங்கிலேயர். விமானங்கள் வரவரப் பெரிதாகவும் கனமாகவும் ஆவதைப் பார்த்து வெறுத்துப்போய்க் கடைசியில் இந்த நாட் விமானத்தைச் செய்தார். இறக்கைக்கு இறக்கை ஏழு மீட்டர்கூட இல்லை. பக்கத்தில் நின்றால் விமானி அறையின் விளிம்பு கைக்கு எட்டிவிடும் போலிருக்கிறது.

1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் ஆறு பாகிஸ்தான் சேபர் போர் விமானங்கள் தாக்கியபோது, குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்து இந்த அளவு விமானத்தில்தான் நிர்மல் ஜித் சிங் செகோன் மேலெழுந்தார். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. படித்துத் தெரிந்த செய்திதான். ஆனால் அந்த விமானம் எவ்வளவு சிறியது என்பது பாடப்புத்தகத்தில் தெரியவில்லை. அதைப் பார்க்க இங்கே வர வேண்டியிருக்கிறது.

அப்பா அந்த டிசம்பரில் ஆக்ராவில் இருந்தார். 3ஆம் தேதி இரவு அந்தத் தளத்தின்மேலும் குண்டு விழுந்தது. "தாஜ்மகாலைத் துணி போட்டு மூடினார்கள். எங்களை மூட யாரும் வரவில்லை" என்றார். இந்த வரியை நான் முப்பது வருடமாகக் கேட்டுவருகிறேன். இன்று பக்கத்தில் நின்ற ஒரு குடும்பமும் கேட்டுச் சிரித்தது. அவருக்கு அதில் பெரிய திருப்தி.

ஒரு மூலையில் ஜப்பானின் ஓகா இருக்கிறது. 'செர்ரி மலர்' என்று பொருள். குண்டு வீசும் விமானத்தின் வயிற்றில் கட்டி எடுத்துப்போய், எதிரிக் கப்பலுக்கு அருகே விடுவிப்பார்கள். மூக்கில் 1,200 கிலோ வெடிமருந்து, வாலில் மூன்று ராக்கெட்டுகள், நடுவில் ஓர் இளைஞன். சக்கரங்கள் இல்லை. இறங்கும் எண்ணமே இல்லாத வாகனத்துக்குச் சக்கரம் எதற்கு? அப்பா அதைச் சுற்றிவந்து, "இதற்கு ஃபிட்டர் வேலை ஒரே ஒரு தடவைதான்" என்றார். அதற்குப்பிறகு வெகுநேரம் பேசவில்லை.

நான் அதிக நேரம் நின்றது பி-24 லிபரேட்டர் முன்னால். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டிஷார் இந்த வகை விமானங்களைக் கான்பூரில் குவித்து, யாருக்கும் பயன்படாதபடி உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். 1948இல் புதிய இந்தியாவுக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது, வாங்கப் பணமில்லை. பெங்களூரு ஹெச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை ஆட்கள் அந்தக் குப்பைமேட்டுக்குப் போய், ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் பொருத்தி, பறக்கும் அளவுக்குத் தேற்றினார்கள். ஜம்ஷெட் முன்ஷி என்ற சோதனை விமானி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். அங்கே ஒழுங்காகப் பழுதுபார்க்கப்பட்டு, சுமார் 40 விமானங்கள் படையில் சேர்ந்தன. 1968 வரை பறந்தன.

அதற்குப்பின் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. அமெரிக்காவில் 18,000க்கும் மேல் கட்டிய லிபரேட்டர்களை உலகம் உருக்கிவிட்டிருந்தது. தங்கள் அருங்காட்சியகங்களில் வைக்க ஒன்றாவது வேண்டும் என்று பிரிட்டனும் கனடாவும் அமெரிக்காவும் தேடியபோது, நல்ல நிலையில் மிச்சமிருந்தது இந்தியாவில். இன்று ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்பதும், அமெரிக்காவின் பீமா அருங்காட்சியகத்தில் நிற்பதும், ஒட்டாவாவில் நிற்பதும் இங்கிருந்து போனவை. உடைத்தவர்களே வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

வெளியே வந்தோம். ஹெச்.எஃப்-24 மாருத் என்ற போர் விமானம் நிற்கிறது. ஜெர்மனியின் குர்ட் டாங்க் பெங்களூருக்கு வந்து வடிவமைத்தது, 1961 ஜூன் 17இல் முதன்முதலாகப் பறந்தது, 147 கட்டினார்கள். பார்க்க எவ்வளவு அழகு! ஆனால் அந்த உடம்புக்குத் தகுந்த என்ஜின் கடைசிவரை கிடைக்கவில்லை. குட்டி நாட் விமானத்தில் ஒன்று மாட்டியிருந்த அதே ஆர்ஃபியஸ் வகை என்ஜினை இதில் இரண்டாக மாட்டிச் சமாளித்தார்கள்.

ஆர்ஃபியஸ் என்ற பெயரைக் கேட்டதும் அப்பாவின் நடை வேகமெடுத்தது. காரணம் எனக்குத் தெரியும். பேக்கெட்டின் முதுகிலும் ஓர் ஆர்ஃபியஸ் உண்டு.

தூரத்திலேயே தெரிந்துவிட்டது. இரட்டை வால், நடுவில் பெட்டிபோல உடல், அதன் உச்சியில் அந்த ஜெட். பிஸ்டன் என்ஜின்கள் இரண்டு இருந்தும் இமயமலைக்கு அவை போதவில்லை. மெல்லிய காற்றில் பாரத்தோடு எழும்ப முடியாது. அதற்காகவே இந்தியாவில் முதுகில் ஒரு ஜெட்டைக் கட்டிவிட்டார்கள். 1962 ஜூலை 23 அன்று ஸ்குவாட்ரன் லீடர் ராஜே ஒரு பேக்கெட்டை லடாக்கின் தௌலத் பேக் ஓல்டியில் இறக்கினார். சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் வெறும் மண் பாதை. 1971 டிசம்பர் 11 அன்று இன்றைய வங்கதேசத்தின் டங்கைலில் பாராசூட் வீரர்களை இறக்கிய விமானங்களிலும் பேக்கெட் இருந்தது.

"எங்கள் பிரிவில் நான்கு தமிழர்கள். மேலே இருக்கிற இதைக் குடுமி என்போம்" என்றார் அப்பா. "ஓர் என்ஜினுக்குப் பதினெட்டு சிலிண்டர். சிலிண்டருக்கு இரண்டு பிளக். மொத்தம் எழுபத்திரண்டு பிளக். ஜனவரி மாதம், விடியற்காலை, கையுறை போட்டால் திருக முடியாது. கழற்றினால் விரல் ஒட்டிக்கொள்ளும்."

சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். என்ஜின் மூடியின் ஓரத்தில் ஒரு கொக்கி. தொடவில்லை, தொடப் போனார். அதற்குள் அங்கே நின்ற இளம் விமானப்படை வீரர் வந்து, "தொடக்கூடாது, ஐயா" என்று இந்தியில் பணிவாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இவர் யார் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அந்தப் பையனிடம் சரியென்று தலையசைத்தார்.

இரவு சாப்பாட்டின்போது கேட்டேன், அந்த அட்டையைக் காட்டியிருந்தால் என்ன என்று.

"நானாக இருந்தால் அட்டையைக் காட்டினாலும் விடமாட்டேன். ஆளாளுக்குக் கொக்கியை இழுத்துப் பார்த்தால் விமானம் மிஞ்சுமா? அவன் சரியாகத்தான் வேலை செய்கிறான்." சற்று நேரம் கழித்து, "எண்ணெய் ஒழுகவில்லை, கவனித்தாயா?" என்றார்.

மூன்றாம் நாள், வியாழன், கோவாவுக்கு

டபோலிமில் விமானம் தரையைத் தொடும் முன்பே அறிவிப்பு: இது பாதுகாப்புத் துறையின் விமானத் தளம், படம் எடுக்கக்கூடாது. தளத்தின் பெயர் ஐ.என்.எஸ். ஹன்சா, கடற்படைக்குச் சொந்தமானது. நாமெல்லாம் அதன் ஒரு மூலையில் குடியிருக்கும் வாடகைதாரர்கள். ஜன்னல் வழியாக எதையோ கண்டு கைப்பேசியை எடுத்தவர்களைப் பணிப்பெண் அதட்டினார். நாளை இதே தளத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஓய்வு பெற்றால்தான் முகத்தைக் காட்ட அனுமதி.

நான்காம் நாள், வெள்ளி, போக்மாலோ சாலை

கடற்படை விமான அருங்காட்சியகம், 1998இல் திறக்கப்பட்டது. இங்கே டிக்கெட் உண்டு. தோட்டம்போல ஒரு வளாகத்தில் விமானங்கள் திறந்தவெளியில் நிற்கின்றன. 1953இல் கொச்சிக்கு வந்து கடற்படையின் முதல் விமானமான ஷார்ட் சீலாண்ட் வகை. 1971இல் விக்ராந்த் கப்பலிலிருந்து பறந்து காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கிய சீ ஹாக் வகை. 2016இல் இதே தளத்தில் விடைபெற்ற சீ ஹாரியர்.

அப்பா விமானப்படைக்காரர். கடற்படை விமானங்களைச் சம்பந்தி வீட்டு நகையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவந்தார். மரியாதை இருந்தது, பாராட்டு இல்லை. லாக்ஹீட் சூப்பர் கான்ஸ்டெலேஷன் முன்னால் வந்ததும் அந்த நடை நின்றது.

மூன்று வால்கள், மீன்போல வளைந்த உடம்பு, நான்கு என்ஜின்கள். ஏர் இந்தியாவில் பயணிகளை ஏற்றிப் பறந்து, விமானப்படைக்கு மாறி, 1976இல் கடற்படைக்கு வந்த வகை. நான் வாலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா என்ஜினுக்குக் கீழே போய் அண்ணாந்து நின்றார்.

"ரைட் 3350" என்றார். "என்னுடைய என்ஜின்."

பேக்கெட்டில் இருந்த அதே குடும்பம்தான். இரண்டு வரிசையில் பதினெட்டு சிலிண்டர்கள், 3,350 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 55 லிட்டர். அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நூற்று நாற்பத்து நான்கு பிளக். பாவம், கடற்படைக்காரன்."

இந்த விமானத்துக்கும் இந்த மண்ணுக்கும் வேறொரு தொடர்பும் இருக்கிறது. கோவாவைப் போர்த்துகீசியரிடமிருந்து மீட்கும் போரில், 1961 டிசம்பர் 18 அன்று நம் கான்பெராக்கள் டபோலிம் ஓடுபாதையில் குண்டு வீசின. அப்போது அங்கே போர்த்துகீசியரின் ஒரு சூப்பர் கான்ஸ்டெலேஷனும் ஒரு டி.சி.-4உம் மாட்டிக்கொண்டிருந்தன. இரவோடு இரவாகக் குழியைத் தூர்த்து, அதிகாரிகளின் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு, சேதமான ஓடுபாதையிலிருந்தே இரண்டும் எழும்பிக் கராச்சிக்குத் தப்பிப் போயின. அன்று தப்பிய விமானத்தின் சகோதரி ஒருத்தி இன்று அதே தளத்தின் வாசலில் நிரந்தரமாக நிற்கிறாள்.

ஐந்தாம் நாள், சனி, விசாகப்பட்டினம்

விமானம் மாறி வந்து சேர்வதற்குள் முதுகு ஒடிந்துவிட்டது. இங்கும் நாம் இறங்குவது கடற்படையின் ஐ.என்.எஸ். டேகா தளத்தில்தான். மாலை கடற்கரைச் சாலைக்குப் போனோம். ஒரு பக்கம் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல், எதிர்ப்பக்கம் நீர்மூழ்கிகளைத் தேடும் டி.யு.-142 விமானம்.

கோவாவில் சூப்பர் கான்ஸ்டெலேஷனை ஓட்டிய 312ஆம் அணிதான் 1988இல் இந்த ரஷ்ய விமானத்தைப் பெற்றது. எட்டு வாங்கினார்கள். 1992இல் அணி நம் அரக்கோணத்துக்கு, ஐ.என்.எஸ். ராஜாளிக்கு மாறியது. 2017 மார்ச் 29 அன்று அங்கேயே விடைகொடுத்தார்கள். அரக்கோணத்துத் தளத்துக்குள் நீங்களும் நானும் நினைத்த நேரம் நுழைய முடியாது. அதனால் ஒரு விமானம் மட்டும் தானாகவே ஏப்ரலில் விசாகப்பட்டினத்துக்குப் பறந்து வந்தது; பிரித்து, சாலை வழியாகக் கடற்கரைக்குக் கொண்டுவந்து, மறுபடி பூட்டினார்கள். அந்த டிசம்பரில் மக்களுக்குத் திறந்தார்கள். மக்கள் தளத்துக்குப் போக முடியாவிட்டால் விமானம் மக்களிடம் வரட்டும் என்பது எனக்குச் சரியான யோசனையாகவே படுகிறது.

53 மீட்டர் நீளம். நான்கு என்ஜின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு புரொப்பல்லர்கள். கடலில் போட்டு நீர்மூழ்கியின் ஓசையைக் கேட்கும் மிதவைகளும் காட்சிக்கு இருக்கின்றன. இங்கே உள்ளேயே ஏறிப் போகலாம். வெளியே திமிங்கலம், உள்ளே குடைந்த குகை. இவ்வளவு பெரிய விமானத்தில் மனிதனுக்கு ஒதுக்கிய இடம் ரயிலின் கழிவறை அளவுகூட இல்லை. இதற்குள் உட்கார்ந்துகொண்டு பத்து மணி நேரத்துக்கும் மேல் கடலைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

முன்னாலும் பின்னாலும் பிள்ளைகள் நெருக்க, அப்பா நிதானமாக நடந்தார். தொடக்கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. அவர் எதையும் தொடவில்லை. இறங்கியதும், "வாசனையே இல்லை" என்றார்.

"என்ன வாசனை?"

"விமானத்து வாசனை. பெட்ரோல், ஹைட்ராலிக் எண்ணெய், வேர்வை. துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். பாலத்தில் இருந்தது, கொஞ்சம்."

நான் அங்கே மூக்கால் எதையும் உணரவில்லை. ஆனால் அந்தக் கொக்கிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் அவர் முகம் இருந்தது நினைவுக்கு வந்தது.

ஆறாம் நாள், ஞாயிறு

கடல், தூக்கம், இரவு ரயில். எழுத ஒன்றுமில்லை.

ஏழாம் நாள், திங்கள், காட்பாடிக்குப் போகும் வழியில்

சென்னையில் ரயில் மாறினோம். அரக்கோணம் வந்ததும் அப்பா ஜன்னலோரத்துக்கு மாறிக்கொண்டார். தளம் ரயிலிலிருந்து தெரியாது என்று சொன்னேன். தெரியும் என்றார், தளம் அல்ல, தெரியாது என்பது.

எதிர் இருக்கையில் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர். பேச்சு எப்படியோ டி.யு.-142க்கு வந்துவிட்டது. "அந்தப் பெரிய விமானமா? அது கிளம்பினால் எங்கள் வீட்டுப் பரணில் பாத்திரம் பேசும், ஐயா. இருபத்தைந்து வருடம் கேட்டேன். ஒரு நாளும் கிட்டத்தில் பார்த்ததில்லை" என்றார். விசாகப்பட்டினத்தில் எடுத்த படங்களைக் கைப்பேசியில் காட்டினேன். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். "இதுவா அது! உள்ளே விடுகிறார்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். டிக்கெட் எடுத்தால் விடுகிறார்கள் என்றேன்.

ரயில் நகர்ந்தபோது மேற்கே தாழ்வாக ஒரு சாம்பல் நிற விமானம் திரும்பியது. 312ஆம் அணியின் இப்போதைய விமானம், பி-8ஐ. போயிங் 737இன் உடம்பு. பெரியவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு அது தினமும் போவது. அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அது மரங்களுக்குப் பின்னால் மறையும்வரை பார்த்தார்.

"ஜெட்" என்றார். "ஒரு பிளக்கும் மாற்ற வேண்டியதில்லை."

காட்பாடி வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. பெரியவர் என் கைப்பேசியை இன்னும் திருப்பித் தரவில்லை.